சுற்றாத நட்சத்திரம்

காலை பதினொரு மணிக்கு ராத்திரியை வரவழைப்பது அவள் உத்தியோகம்.

மற்றவர்களுக்குச் சூரியன் மறைந்தால்தான் இருட்டும். அவளுக்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும். கோளரங்கத்தின் வட்டக் கூடத்தில், பின்னுக்குச் சாயும் நாற்காலிகளில் ஜனம் அண்ணாந்து கிடக்கும். தலைக்கு மேலே, வெள்ளை அடித்த தகடுகளைக் கோத்துச் செய்த கூரை, கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம் மாதிரி. கூடத்தின் நடுவில், இரும்புக் கால்களில், ஒரு கறுப்பு உருண்டை. உருண்டைக்குள் ஒரு விளக்கு. அதன் உடம்பெங்கும் ஊசித் துளைகள். துளைகளின் வழியே கசியும் வெளிச்சம்தான் கூரையில் நட்சத்திரமாக விழும்.

குமிழை அவள் ஒரேயடியாகத் திருப்ப மாட்டாள். அது அந்தத் தொழிலின் முதல் பாடம். கண்ணுக்கு இருட்டைப் பழக்க வேண்டும். மெல்ல மெல்லக் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். முதலில் சுவர்கள் மறையும். அப்புறம் பக்கத்து நாற்காலிக்காரரின் முகம். அப்புறம் தன் கையே தனக்குத் தெரியாமல் போகும். அந்த இடத்தில் எப்போதும் ஒரு குழந்தை அழும், ஒரு பெரியவர் கனைப்பார், ஒரு கல்லூரிப் பையன் பேய் மாதிரி ஊளையிடுவான். அவள் காத்திருந்து, மைக்கில் மெதுவாகச் சொல்வாள்: "ஊளையிடுற தம்பி, உன் பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு தொட்டுப் பாரு." ஊளை சட்டென்று நிற்கும். கூடம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நட்சத்திரங்கள் வந்திருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ராத்திரி அக்கா. நாளடைவில் சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

அவள் சேர்ந்தது டிக்கெட் கொடுக்கத்தான். விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு விடுமுறைக் காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. வெளியே கூட்டம் வாசல்வரை நின்றது. மேனேஜர் கவுண்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். "நாள் பூரா டிக்கெட் டிக்கெட்னு கத்துற தொண்டைதானேம்மா. உள்ள போய் நட்சத்திரம் நட்சத்திரம்னு கத்து." அன்று அவள் எதைச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. இருட்டில் அத்தனை பேர் தன் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. பழையவரின் தொண்டை சரியான பிறகும் அவள் கவுண்டருக்குத் திரும்பவில்லை.

படித்துப் படித்துத்தான் கற்றுக்கொண்டாள். கற்றதை ஜனம் தூங்காதபடி சொல்லவும் பழகிக்கொண்டாள். "சூரியன்ல இருந்து வெளிச்சம் இங்க வர எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நீங்க வெளிய பாத்துட்டு வந்த சூரியன் இப்ப இருக்கிற சூரியன் இல்ல, எட்டு நிமிஷம் பழசு. அதுக்கு அடுத்தபடியா கிட்டத்துல இருக்கிற நட்சத்திரம் நாலு வருஷத்துக்கும் மேல பழசு. இதோ இந்தச் சின்னப் புகை மாதிரி தெரியுதே, ஆண்ட்ரோமீடா, இது வேற ஒரு விண்மீன் மண்டலம். இதோட வெளிச்சம் கிளம்பினப்ப பூமியில நம்ம மாதிரி மனுஷங்களே கிடையாது. வானத்துல எதையுமே நாம இப்ப பாக்கல. எல்லாமே பழைய செய்தி."

வீட்டில் இந்த வெளிச்சமெல்லாம் எடுபடாது. அவள் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும். ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. அங்கிருந்து ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. கணவர் பஸ் கண்டக்டர். "நான் ஒரு டிக்கெட்டுக்கு நாலு ஸ்டாப் கூட்டிட்டுப் போறேன், நீ ஒரு டிக்கெட்டுக்குப் பிரபஞ்சத்தோட கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போறே. உன் கம்பெனி எப்படி உருப்படும்?" என்பார். கூடவே அவள் அம்மா. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

அம்மா துணி ஆலையில் தையல் மெஷினில் இருந்தவள். முதலில் கண்ணோரத்தில் சின்னச் சின்ன வெளிச்சம் தெரிந்திருக்கிறது. சொன்னால் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் டியூப் லைட் மின்னுகிறது என்றாள். பிறகு ஒரு கறுப்புத் திரை பக்கவாட்டிலிருந்து இறங்கியது. கண்ணின் உள்சவ்வு கிழிந்து பிரிந்துவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒட்டவைத்திருக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த கண்ணும் அதே வழியில் போனது. "உங்களுக்கும் இது வர வாய்ப்பிருக்கும்மா, வருஷம் ஒரு தடவை காட்டிக்கோங்க" என்று மகளையும் எச்சரித்தார். மகள் தலையாட்டினாள். போகவில்லை. ஏதாவது இருப்பதாகச் சொல்லிவிட்டால் கோளரங்கத்தில் குமிழும் மைக்கும் இருக்கிற அந்த மேசை போய்விடும். அந்த இருட்டு போய்விடும். தெரியாதவரை இல்லை என்று ஒரு கணக்கு.

மழை ஓய்ந்து வெயில் காய ஆரம்பித்த ஒரு நாள், காலைக் காட்சியில், அவள் வானத்தைச் சுற்றவிட்டாள்.

"இப்ப ஒரு முழு ராத்திரிய உங்களுக்கு ஓட்டிக் காட்டுறேன். சுத்துறது பூமி, நமக்கு வானம் சுத்துற மாதிரி தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் இடத்த விட்டு அசையாது. துருவ நட்சத்திரம்."

உருண்டை முனகிக்கொண்டு திரும்பியது. நாற்காலிகள் எல்லாம் தெற்குப் பார்த்தவை. ஜனம் கழுத்தைப் பின்னால் மடக்கித் துருவ நட்சத்திரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வலிக்கிறது என்று திரும்பிக்கொள்ளும். அவள் மேசை மட்டும் தெற்குச் சுவரோரம், ஜனத்தைப் பார்த்தபடி. வடக்கு வானம் முழுக்க அவளுக்கு மட்டும்தான்.

நட்சத்திரங்கள் ஒன்றுவிடாமல் நகர்ந்தன. துருவ நட்சத்திரம் நின்றது. அதற்குக் கீழே, கடைசி வரிசைக்கு மேலாக, இன்னொன்றும் நின்றது.

அந்த இடத்தில் நட்சத்திரமே கிடையாது. மற்றவை அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, கடந்து ஓடும் ரயிலுக்கு எதிரே பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் மாதிரி அது நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை, மின்னவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

விளக்குப் போட்டதும் வெள்ளைக் கூரையில் ஒன்றுமில்லை.

மறுநாளும் இருந்தது. அவள் கூட்டத்திடமே கேட்டுவிட முடிவுசெய்தாள். கூரையில் அம்புக்குறி போடும் கைவிளக்கை வடக்கே காட்டி, "இங்க ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்க, தெரியுதா?" என்றாள். "தெரியுது" என்றது கூடம் ஒரே குரலில். அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் சந்தேகம் தட்டியது. அம்பை ஒன்றுமே இல்லாத இன்னொரு இடத்துக்கு நகர்த்தினாள். "இங்க?" "தெரியுது." முன்வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம் அது என்ன நிறம் என்றுகூட விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் எப்போதும் கொடுத்த டிக்கெட்டுக்கு நியாயம் செய்துகொள்ளும். அதன் சாட்சியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

மெக்கானிக்கைப் பிடித்தாள். எப்போதும் காதில் பென்சில் மாதிரி ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அவனுக்குத் திருப்புளி என்றே பெயர்.

"உருண்டையில ஒரு ஓட்டை அதிகமா விழுந்திருக்குன்னு நினைக்கிறேன்."

"உருண்டையில விழுந்தா அந்த நட்சத்திரமும் சேந்து சுத்தணுமே அக்கா. நீங்கதான் சுத்தலன்னு சொல்றீங்க."

"சுத்தல."

"அப்ப அது உருண்டையில இல்ல." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, வந்து பாக்குறேன். பகல் காட்சிக்கு ஏசி ரூமை விட்டு வர முடியாது. சாயங்காலம் வர்றேன்."

சாயங்காலக் காட்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவள் இருட்டைக் கொண்டுவந்தாள், வானத்தைச் சுற்றினாள், வடக்கே பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. எல்லாம் ஒழுங்காக நகர்ந்து கொண்டிருந்தன.

காட்சி முடிந்து அவன் கொட்டாவியோடு வந்தான். "நல்லாத்தான் பேசுறீங்க. எனக்குத் தூக்கமே வந்திருச்சு. ஆனா உங்க விருந்தாளி வரலியே." கொஞ்சம் நின்று, குரலைத் தணித்து, "அக்கா, கண்ணு கிண்ணு காட்டினீங்களா?" என்றான். அவள் அம்மாவின் கதை அவனுக்குத் தெரியும்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள், வேண்டியதைவிட வேகமாக.

அடுத்த வாரம் இரண்டாவது வந்தது. முதலாவதற்குச் சற்று மேலே. அப்புறம் மூன்றாவது, அதற்கும் மேலே. வானத்தில் புள்ளிகளை இணைத்து உருவம் காட்டுவதே தொழிலாக இருந்தவளுக்கு, வேண்டாம் என்றாலும் கண் கோடு போட்டது. மெல்ல வளைந்து உச்சியை நோக்கி ஏறுகிற கோடு. புழு கோக்காத தூண்டில். நாளைக்கு எந்த இடத்தில் அடுத்தது வரும் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. சொன்ன இடத்தில்தான் வந்தது.

இதற்கிடையில் துப்புரவு அம்மா தினம் காலையில் நாற்காலிகளுக்கு அடியில் பெருக்கும்போது சின்னச் சின்ன ஆணிகளைப் பொறுக்கினாள். திருப்புளியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "உன் நாற்காலி பல்லு கொட்டுது பாரு" என்றாள். அவன் கடைசி வரிசை நாற்காலிகளையெல்லாம் கவிழ்த்து, இருக்கிற ஆணிகளை இறுக்கிவிட்டுப் போனான். கொட்டினது எந்த இடத்து ஆணி என்று யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. அந்த நாற்காலிகள் அதற்கு முன்னாலும் எதையாவது உதிர்த்துக்கொண்டேதான் இருந்தன.

அவளை உண்மையில் உலுக்கியது வேறு. ஒரு மதியக் காட்சியில், தூண்டிலின் புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மங்கின. அணைந்துவிடுமோ என்று நினைக்கும் அளவுக்கு மங்கி, மெதுவாகத் திரும்ப எரிந்தன. ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டதுபோல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

ஜனத்துக்கு அவளே பலதடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தூண்டில், ஒரு கரடி, ஒரு வேட்டைக்காரன் என்று நாம் சேர்த்துப் பார்க்கிற நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. ஒன்று பக்கத்தில், ஒன்று பல மடங்கு தள்ளி. ஒன்றின் வெளிச்சம் அவள் பிறந்த வருஷம் கிளம்பியது, இன்னொன்றின் வெளிச்சம் அதற்குப் பல நூறு ஆண்டு முன்னால். அவையெல்லாம் நம் கண்ணுக்கு ஒரே நொடியில் மங்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், நம் இந்த நொடியைக் குறிவைத்து மங்கியிருக்க வேண்டும். நடக்காது. ஒரே நேரத்தில் மங்குபவை ஒரே இடத்தில் இருக்கின்றன. மிக அருகில் இருக்கின்றன.

அவள் இருட்டில் உட்கார்ந்து, தனக்கு மிக அருகில் இருப்பது எது என்று யோசித்தாள். கண் என்ற பதில்தான் கிடைத்தது.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அம்மா காதாலேயே வீட்டைப் பார்ப்பவள்.

"என்னடி, தட்டுல கை போற சத்தமே காணோம்."

"பசிக்கல."

"எத்தனை நாளா பசிக்கல?"

"அம்மா, உனக்கு முதல்ல தெரிஞ்சுதே வெளிச்சம், அது எப்படி இருந்துச்சு? ஒரே இடத்துல நின்னுச்சா?"

அம்மா கையை நீட்டி, தடவி, மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. "நாளைக்கே போ," என்றாள்.

"ஸ்கூல் சீசன்மா. முடியட்டும், போறேன்."

"நானும் தீபாவளி ஆர்டர் முடியட்டும்னு..." என்று தொடங்கிய அம்மா, "ஆர்டர் முடியட்டும்னுதான் இருந்தேன்," என்று நிறுத்தினாள்.

மறுநாள் காலைக் காட்சி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தூண்டில் உச்சிவரை வந்துவிட்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தாள். பூமியிலிருந்து கிளம்பி, கோள்களைத் தாண்டி, நம் பால்வெளி மண்டலத்தை விட்டு வெளியேறி, மண்டலங்களே தூசியாகத் தெரிகிற தொலைவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தாள். அந்த இடத்தில்தான் கூடம் மிகவும் இருண்டிருக்கும். பிள்ளைகள்கூடப் பேச மாட்டார்கள்.

"பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு மண்டலமும் இன்னொண்ணை விட்டு விலகிப் போயிட்டிருக்கு. யாரும் யாரையும் துரத்தல. நடுவுல இருக்கிற இடம்தான்..."

நாலாவது வரிசையில் ஒரு சிறுமியின் தோளில் வெளிச்சம் உட்கார்ந்திருந்தது.

உள்ளங்கை அளவு வட்டம். விளிம்பு சுத்தமான வட்டம். சிறுமி அதைப் பூச்சி என்று நினைத்துத் தட்டினாள். வெளிச்சம் அவள் புறங்கையில் ஏறிக்கொண்டது. பக்கத்துச் சிறுமி அதைப் பிடிக்கக் கை வைத்தாள். "ஏய் என்மேல வருது, என்மேல வருது" என்று கிசுகிசுத்தார்கள். வட்டம் அவர்களைப் பொருட்படுத்தாமல், நத்தை வேகத்தில், ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

ராத்திரி அக்கா மேசையைவிட்டு எழுந்தாள். மற்றவர்களும் அதைப் பார்க்கிறார்கள். அது அவள் கண்ணில் இல்லை. அப்போது வட்டத்தின் ஓரத்தை ஏதோ கடித்தது. ஒரு பக்கம் குறைந்து, பிறையாகி, முழுக்க மங்கி, மறுபடி வட்டமாயிற்று. மேலே அண்ணாந்தாள். தூண்டிலும் அதே நேரத்தில் மங்கி எரிந்தது.

மேகம். மேகம் கடந்துபோன சூரியன். ஒரு சின்ன ஓட்டை வழியே வந்து, சிறுமியின் கையில் தன் முகத்தையே வரைந்துகாட்டும் சூரியன்.

வேறு எந்த வீட்டில், எந்தக் கடையில், கூரையில் வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் சின்னக் குழந்தைகூட ஓட்டை என்று சொல்லும். கூரை நிறைய வெளிச்சப் புள்ளிகளை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. அவள் முதலில் நட்சத்திரம் என்றாள், பிறகு உருண்டையில் ஓட்டை என்றாள், இரண்டும் இல்லை என்றதும் எல்லோரும் கண் என்றார்கள். அந்தக் கூடத்தில் தெரிந்த ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களும் பல்பு வெளிச்சம். அந்தத் தூண்டில் ஒன்றுதான் உண்மையான நட்சத்திர வெளிச்சம். சாயங்காலம் அது வராததில் ஆச்சரியம் என்ன.

இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் ஓடிற்று. அடுத்த மூச்சில் அவள் கோட்டைப் பார்த்தாள். கீழிருந்து உச்சிவரை, கோணாமல், வளைந்து ஏறும் கோடு. கூரையின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஒரே இரும்பு விலாவில் சேர்த்துப் பிடித்திருக்கிற ஆணி வரிசை. துப்புரவு அம்மா பெருக்கி எடுத்த பற்கள் அந்த வாயிலிருந்து விழுந்தவை. மேலே, வெயிலில் காய்ந்த தகடு டிக் என்று ஒரு சத்தம் போட்டது.

கத்தினால் பிள்ளைகள் இருட்டில் மிதிபடுவார்கள். அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். குரல் மாறவில்லை.

"இப்ப நாம பிரபஞ்சத்த விட்டே வெளிய போகப் போறோம். இதை வேற எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் காட்டினதில்ல. கடைசி வரிசை முதல்ல எழுந்திருக்கணும். பேசக் கூடாது, ஓடக் கூடாது, முன்னால இருக்கிறவங்க தோளைப் பிடிச்சுக்கணும். டீச்சர்ஸ், கதவத் திறங்க."

விளக்கை ஒரே திருப்பில் போட்டாள். அத்தனை வருஷத்தில் முதல்முறை. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இதுவும் காட்சிதான் என்று நம்பி, ரயில் மாதிரி கோத்துக்கொண்டு வெளியேறினார்கள். மேனேஜர் எதிர்த்திசையில் முண்டியடித்து உள்ளே வந்தார்.

"என்னம்மா இது, இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கே. ஸ்கூல்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"சார், மேல பாருங்க."

"என்ன பாக்கணும்? ஒண்ணும் தெரியலியே."

"தெரியாது சார். வெளிச்சத்துல தெரியாது. வெளிய வாங்க." அவர் சட்டைக்கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போனாள்.

கடைசிப் பிள்ளை வாசல்படி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ ஒரு கனமான புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டியதுபோல் ஒரு நீண்ட ஒலி. அப்புறம் கடைசி மூன்று வரிசைகளின் மேல் ஒரு தகடு இறங்கிப் படுத்தது. திறந்த இடத்தின் வழியே பகல் கொட்டியது. மேனேஜர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசலில் எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவளும் உட்கார்ந்தாள். எல்லோரும் வெளிறிப்போயிருந்த அந்த வாசலில் அவளுக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் கண்ணில் ஒன்றுமில்லை, என் கண்ணில் ஒன்றுமில்லை என்று உள்ளே ஒரு குரல் குதித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகளின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அம்மா ஒரு முறைதான் கேட்டாள்.

"சந்தோஷமா இருக்கே போல. கூரை விழுந்ததுக்கா?"

"அதுக்கில்லம்மா. எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னது? கூரைக்காரனா?"

கணவர் சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கோளரங்கத்தை மூடினார்கள். விழுந்த இடத்தில் புதுத் தகடு ஏற்றிய பிறகு, மற்ற ஓட்டைகளைத் தேடும் வேலை வந்தது. வெளியே நின்று பார்த்தால் பழைய தார்ப்பூச்சுக்கு நடுவே எது ஓட்டை, எது கறை என்று தெரியவில்லை. உள்ளே விளக்கோடு பார்த்தால் வெள்ளையில் வெள்ளை. திருப்புளிதான் வழி சொன்னான். "உள்ள முழுசா இருட்டாக்கிட்டு யாராவது நிக்கணும். எங்கெங்க தெரியுதுன்னு சொன்னா நாங்க மேல இருந்து அடைச்சிட்டு வருவோம். இருட்டுல நிக்கிறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஆளுதான்."

நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்தார்கள். அவள் கதவுகளைச் சாத்தி, மேசையிலிருந்த குமிழை மெல்லத் திருப்பினாள், பழக்கம். உருண்டை விளக்கைப் போடவில்லை. குமிழை மெல்லத் திருப்பினாள், பழக்கம். காதில் போனை வைத்துக்கொண்டாள், மறுமுனையில் கூரைமேல் திருப்புளி.

அவள் வானம் தோன்றியது. எதிர்பார்த்ததைவிட நிறைய. ஓரிடத்தில் கொத்தாக, ஓரிடத்தில் தனியாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வானம். எத்தனை நாளாக இவற்றை உருண்டையின் நட்சத்திரங்களோடு சேர்த்து ஜனத்துக்குக் காட்டியிருக்கிறாளோ. மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் தகட்டில் பரவிக் கேட்டது, வானத்துக்கு மறுபக்கத்தில் யாரோ நடப்பதுபோல.

"கிழக்கால, உச்சியில இருந்து ஒரு ஆள் தூரம் கீழ வா. இன்னும் கொஞ்சம். நில்லு. உன் கால்கிட்ட."

ஒரு விரல் வந்து நட்சத்திரத்தை அணைத்தது.

"இப்ப?"

"போயிருச்சு. அடுத்தது வலது பக்கம்."

ஒன்றொன்றாக அணைந்தன. அவள் சொல்லச் சொல்ல அணைந்தன. கொத்து அழிந்தது, தனியாக நின்றவை போயின. பேச்சு தானாகவே குறைந்து, இடமும் வலமும் மட்டும் மிஞ்சியது. கடைசியில் மேற்கே ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இடம் சொன்னாள். அதுவும் போயிற்று.

முழு இருட்டு. அத்தனை வருஷம் இருட்டை விற்றவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காட்சி நேரத்தில் ஏதாவது ஒரு சிவப்பு விளக்கு, ஒரு கதவிடுக்கு இருக்கும். இதில் தூரமும் இல்லை, பக்கமும் இல்லை. முதல் நட்சத்திரம் எரிவதற்கு முன்னால் பிரபஞ்சம் நெடுங்காலம் வெறும் இருட்டாகக் கிடந்தது என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது இதைத்தான் என்று இப்போது தெரிந்தது.

"அக்கா, வேற ஏதாவது தெரியுதா?"

"இரு. ஒரு சுத்து பாத்துடுறேன்."

வலப்பக்கம் பார்வையைத் திருப்பினாள். இடது ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று, அரிவாள் வளைவில், மின்னி மறைந்தது.

அசையாமல் நின்றாள். ஒன்றுமில்லை. மறுபடி பார்வையைத் திருப்பினாள். கீற்று வந்தது, போனது. தலையை வேறு திசைக்கு மாற்றிப் பார்த்தாள். கூரையின் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அது அதே ஓரத்தில், அதே வளைவில். வலது கண்ணை மூடினாள், இருந்தது. இரண்டு கண்ணையும் மூடினாள், அப்போதும் இருந்தது.

"அக்கா? அடைச்சாச்சா, இல்லியா? வெயில்ல வறுபடுறோம்."

டியூப் லைட் மின்னுகிறது என்று சொல்ல ஒரு டியூப் லைட்கூட அங்கே எரியவில்லை.

"கூரையில எல்லாம் அடைச்சாச்சு," என்றாள். "நீ இறங்கி வா."

"எதுக்கு, டீ வாங்கித் தரப்போறீங்களா?"

"கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. உன் வண்டியில கூட்டிட்டுப் போ."

போன் அணைந்தது. பிறகு தலைக்கு மேலே, கூரையின் வளைவில், ஓர் ஆள் தடதடவென்று ஓடி இறங்குவது கேட்டது. அவள் விளக்கைப் போடாமல், கண்ணை அசைக்காமல், அவன் வந்து கதவைத் திறக்கும்வரை நின்றாள்.